டெல்டா களிமண்ணில் ஒரு சீசன்: 6 ஆணி கிராஸ் கன்ட்ரி ஸ்பைக்ஸ்

தை பிறந்து, கிராஸ் கன்ட்ரி (வெட்டவெளி மண் தரையில் ஓடும் நெடும்பந்தயம்) சீசனும் முடிந்தது. உயர்நிலைப் பள்ளி அணிக்காக மொத்தமாக வாங்கிய உள்நாட்டு ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி பூட்டிய ஓட்ட ஷூ, எப்படி உழைத்தது என்று இப்போது சொல்லலாம். ஆணிகளும் அடித்தட்டும் தாக்குப்பிடித்தன. முன்நுனிப் பசை தாங்கவில்லை. முதல் ஓட்டத்துக்கு முன்பே தைத்துக்கொள்ளத் தயாராக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

முன்பாதத்தில் நைலான் தட்டு, அதில் 6 ஆணித்துளை. நடுவில் மெல்லிய ஃபோம், குதிகாலில் ரப்பர், மேலே வலைத்துணி. பெட்டியில் 9 மி.மீ. ஆணிகளும் ஒரு சாவியும் வருகின்றன. இந்த 9 மி.மீ. ஆணியை மட்டும் நம்பி மழைக்காலத்தில் இறங்கினால் வழுக்கிவிடும்.

டெல்டா என்றால் எங்கும் ஒரே மண் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வல்லம் பக்கம் செம்மண்ணும் சரளையும். அங்கே 6 மி.மீ. போதும், நீள ஆணி கல்லில் பட்டு மழுங்கும். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்துக் களிமண் ஐப்பசி, கார்த்திகையில் ஊறிக் கிடக்கும்போது 12 மி.மீ. வேண்டும். காலை உறிஞ்சும் சேறு என்றால் 15. அதே மண் அறுவடை முடிந்து காய்ந்து வெடிப்பு விட்டால் மறுபடி 9-க்கு இறங்கிவிட வேண்டும். ஆணி மண்ணுக்குள் முழுதாக இறங்காவிட்டால் அதன் அடி பாதத்தைக் குத்தும், ஓடுகிற பிள்ளை தன்னையறியாமல் குதிகாலில் ஓடத் தொடங்கும். கொள்ளிடத்துப் படுகை மணலில் எந்த ஆணியும் பிடிக்காது, அங்கே சாதாரண ஷூவே நல்லது. மண் தரையில் 25 மி.மீ. வரை விதி அனுமதிக்கிறது. சிந்தெடிக் தரையில் 9-க்கு மேல் கூடாது, பல மைதானங்களில் 6 அல்லது 7-ஐத்தான் விடுவார்கள். ஆகவே 6, 9, 12 மூன்றும் அணிப் பையில் இருக்கட்டும்.

இந்த ஷூவின் பெரிய பலம், ஆணிகளைத் தவிரத் தட்டிலேயே உள்ள பற்கள் குறைவாகவும் அகலமான இடைவெளியிலும் இருப்பது. நெருக்கமான குட்டிப் பற்கள் உள்ள தட்டில் களிமண் அப்பிக்கொண்டால் விழாது. ஷூ கனத்துப்போகும், ஆணி நுனியும் மண்ணுக்குள் மறைந்துவிடும். இதில் நாலு எட்டு வேகமாக வைத்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. பந்தயத்துக்கு முன் துணியில் துளி தேங்காயெண்ணெய் தொட்டுத் தட்டில் மட்டும் தேய்த்தால் இன்னும் கொஞ்ச நேரம் அப்பாது. குதிகால் ரப்பரிலும் ஒட்டு விளிம்பிலும் எண்ணெய் படக் கூடாது.

இனி குறை. விரல் நுனியில் தட்டும் மேல்துணியும் சேரும் இடத்தில் வெறும் பசைதான், தையல் இல்லை. ஈரத்தில் ஊறி, பிறகு தகரக் கூரை மேல் வெயிலில் காய்ந்தால் பசை இளகி வாய் பிளக்கிறது. ஃபோமும் சுருங்குகிறது. பிளந்ததை அப்படியே மேலே பசை தடவி ஒட்டினால் நிற்காது. பழைய பசையை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, இரண்டு பக்கமும் ரப்பர் பசையை மெல்லிசாகத் தடவி, 10 முதல் 15 நிமிடம் காயவிட்டு, அழுத்திச் சேர்த்து, ஓர் இரவு கயிற்றால் கட்டி வைக்க வேண்டும். பிறகு செருப்புத் தைப்பவரிடம் மெழுகு நூலால் முன்நுனியைச் சுற்றி ஒரு தையல். புது ஷூவுக்கே இந்தத் தையலைப் போட்டுவிட்டால் தொல்லை பாதி குறையும்.

அளவில் இன்னொரு சிக்கல். வெறுங்காலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முன்பாதம் அகலம், இந்த ஷூ முன்னால் ஒடுக்கம். எண்ணை மட்டும் சொல்லி ஆர்டர் செய்யாதீர்கள். சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும்போது தாளில் பாதத்தை வரைந்து வெட்டி, ஷூவின் உள்தாளை எடுத்து அதன்மேல் வைத்துப் பாருங்கள். பாதம் வெட்டிய தாள் பக்கவாட்டில் வெளியே நீட்டினால் அந்த ஷூ அந்தப் பிள்ளைக்கு இல்லை. நீளம் கூட்டி எடுத்தால் குதிகால் வழுக்கிக் கொப்புளம் வரும்.

16 வயதுக்குட்பட்டோருக்குப் பந்தயம் 2 கி.மீ. தான். அவர்களுக்கு ஆளுக்கொரு ஜோடி தேவையில்லை, அணியின் பொது ஜோடி போதும். 18 வயதுக்குட்பட்ட பிரிவில் பையன்களுக்கு 6, பெண்களுக்கு 4 கி.மீ. ஆகும்போது சொந்த ஜோடி வாங்குவதில் அர்த்தம் உண்டு. அப்போதும் வாரம் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். குதிகால் தாழ்வாக இருப்பதால் கெண்டைக்காலும் குதிநாணும் இழுபடும். முதல் இரண்டு வாரம் 100 மீட்டர் ஓட்டம் நாலைந்தோடு நிறுத்துங்கள். வாய்க்கால் கரையில் நெடு ஓட்டத்துக்கு ஆழமான பல் உள்ள சாதாரண ஷூ.

சீசன் முடிந்த கையோடு ஆணிகளைக் கழற்றுங்கள். உள்ளேயே விட்டால் துருவேறித் துளையோடு சேர்ந்துகொள்ளும். வேதாரண்யம் மாதிரி உப்பு மண்ணில் ஓடிய ஜோடிகளில் இது இன்னும் சீக்கிரம். திரும்பாத ஆணிக்கு மசகெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஓர் இரவு அப்படியே வைத்து, பிறகு குறட்டால் மெதுவாகத் திருப்புங்கள். மறையில் வாசலின் தடவிப் பூட்டினால் அடுத்த முறை சிரமம் இல்லை. பலம் போட்டு முறுக்கக் கூடாது, நைலான் மறை தேய்ந்தால் அந்தத் துளை வீண். குச்சியால் மண்ணைச் சுரண்டி, பச்சைத் தண்ணீரில் பிரஷ் போட்டு, உள்தாளைத் தனியே எடுத்து, செய்தித்தாள் திணித்து நிழலில் காற்றாட வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்ற வேண்டும். சோப்புத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள்.

நன்றாகக் காய்ந்தபின் நாக்கின் உட்புறம் அளவை மார்க்கரால் எழுதி, துணிப்பையில் போட்டு, விளையாட்டு அறையில் தரையிலிருந்து உயரமாக மாட்டுங்கள். ஆணிகளும் சாவியும் தனி டப்பாவில், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வேலையாக முன்நுனியை விரலால் விரித்துப் பார்த்து, பிளவு தெரியும் ஜோடிகளைத் தையலுக்கு அனுப்பிவிடுங்கள்.