பேஸ் கிட்டாருக்குள் ஒரு பிரீஆம்ப்: நான்கு ஆண்டுக்குப் பிறகு

என் ஜாஸ் பேஸ் வகைக் கிட்டாரில் மூன்று பட்டை ஈக்யூ (அடி, நடு, உச்ச ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) உள்ள பிரீஆம்ப், அதாவது பேட்டரியில் ஓடும் சிறு பெருக்கிச் சுற்று, மாட்டி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வாங்கும்போது என் ஆசை முழுக்க அடி ஒலிக்கான பேஸ் நாப் மேல்தான் இருந்தது. இன்று அந்த நாப் நடுக்கோட்டை விட்டு நகர்வதே இல்லை.

நான்கு கம்பி பேஸின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பேஸ் நாப் உயர்த்துவதும் 40 ஹெர்ட்ஸ் பக்கம்தான். தனியாக அறையில் வாசித்தால் அரண்மனை மாதிரி இருக்கும். டிரம்ஸ் சேர்ந்ததும் காலால் அடிக்கும் கிக் டிரம்மோடு குழைந்து, ஆம்ப்ளிஃபயரின் சக்தியைத் தின்பதுதான் மிச்சம்.

மிட் நாப்தான் சம்பாதித்துக் கொடுத்தது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்தால் இந்த வகைக் கிட்டாரில் நடு அலைவரிசை குழிந்துவிடும். 400 ஹெர்ட்ஸ் அருகே கொஞ்சம் ஏற்றினால் கூட்டத்துக்குள்ளும் பேஸ் கேட்கிறது. 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே இரண்டே பட்டையோடு பெயர் வாங்கியது உண்மைதான். ஆனால் அதில் இருந்தது ஒரே ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), கதையே வேறு.

இன்னொரு லாபம் நான் எதிர்பாராதது. பாஸிவ் (பேட்டரி தேவைப்படாத) பிக்கப்பின் இம்பிடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத் தடை, அதிகம். கேபிளோ மீட்டருக்கு சுமார் 100 பிக்கோஃபாரட் கெபாசிட்டன்ஸ் (மின்தேக்குத்திறன்) சேர்க்கும். 6 மீட்டர் கேபிளில், அதுவும் வால்யூமைக் குறைத்தால், ட்ரெபிள் (உச்ச ஒலி) மங்கும். பிக்கப்பைக் கேபிளின் சுமையிலிருந்து பிரித்துவைக்கும் பிரீஆம்பின் பஃபர் பகுதி இதைத் தடுத்துவிடுகிறது. ஈக்யூவே இல்லாமல் பஃபர் மட்டும் வைத்திருந்தாலும் பாதி திருப்தி கிடைத்திருக்கும்.

முதலில் வால்யூமுக்கு 25 கிலோ ஓம் பாட் ஒன்றை (நாபைத் திருப்பினால் மாறும் மின்தடை) பிரீஆம்புக்குப் பின்னால் வைத்தேன். ஆக்டிவில் (பிரீஆம்ப் வழியே) சரி, பிரீஆம்பைத் தவிர்க்கும் பாஸிவுக்கு மாற்றினால் கம்பளி போர்த்திய சத்தம். அத்தனை குறைந்த ஓம் பிக்கப்பை அமுக்கிவிடுகிறது. 250 கிலோ ஓம் பாட்களைப் பிரீஆம்புக்கு முன்னால் நகர்த்தியதும் தீர்ந்தது. அந்த ஒரு மாலையில் சால்டரிங் அயர்னால் இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டேன்.

9 வோல்ட்டுக்குப் பதில் இரண்டு பேட்டரி சேர்த்து 18 வோல்ட்டும் முயன்றேன். சத்தம் அதிகமாகாது, கட்டைவிரலால் கம்பியைத் தட்டி ஸ்லாப் அடிக்கும்போது உடையாமல் இருக்கும், அவ்வளவே. மாற்றுமுன் போர்டில் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரைப் பாருங்கள். என்னுடையதில் ஒன்று 16 வோல்ட் தாங்குவது, அதை 25 ஆக்கினேன். அப்புறம் இரண்டு பேட்டரியைக் குழிக்குள் திணிப்பது பெரும்பாடாகி 9 வோல்ட்டுக்கே திரும்பினேன்.

செப்புத் தாள் ஒட்டியதில் 'ஸ்ஸ்' இரைச்சல் குறையும் என நம்பியது என் தவறு. வெளியிலிருந்து வரும் கரகரப்பு குறைந்தது. ட்ரெபிளை ஏற்றினால் போர்டிலிருந்தே வரும் இரைச்சல் அப்படியேதான் இருக்கிறது.

பேட்டரிக்குச் சுவிட்ச் என்பது ஸ்டீரியோ ஜாக்தான், பிளக் உள்ளே இருக்கும்வரை மின்சாரம் ஓடும். பிரீஆம்பில் ஒலியைப் பெருக்கும் டிஎல்072 சிப் ஒன்று சுமார் 3 மில்லியாம்பியர் இழுக்கும். 500 மில்லியாம்பியர்-மணி ஆல்கலைன் பேட்டரி ஒரு வாரத்தில் காலி. டிஎல்062 அரை மில்லியாம்பியருக்கும் குறைவாக இழுக்கும், ஆனால் இரைச்சல் கூடுதல். நான் 072-இலேயே நிற்கிறேன். ஒருமுறை கேபிளைப் பிடுங்க மறந்து, ஒத்திகை நடுவில் சத்தம் பொரிந்து உதிர்ந்தது. அன்று காப்பாற்றியது பாஸிவ் சுவிட்ச். அதிலிருந்து பேட்டரி மாற்றிய தேதியை மூடியின் உட்பக்கம் எழுதி ஒட்டி வைக்கிறேன்.