ஸ்டீல் கதவுக் கைப்பிடி: மாட்டிப் பார்த்த பிறகு எழுதுவது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கைப்பிடி நன்றாக இருக்கிறது, வாங்கலாம். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் செய்முறைத் தாளை மட்டும் நம்ப வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போகலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். வாங்குவதற்கு முன் நான் படித்த விமர்சனங்களில் பாதி "பளபளப்பாக இருக்கிறது, கதவுக்குப் பொருத்தமாக இருக்கிறது" என்பதோடு நின்றுவிட்டன. கதவுக் கைப்பிடியில் பளபளப்பு கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

நான் வாங்கியது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லீவர் வகை, கீழே அழுத்தித் திறப்பது. கதவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கைப்பிடி, அதன் அடியில் ஒரு வட்டத் தகடு, சாவித் துளைக்குத் தனியாக இன்னொரு வட்டத் தகடு. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதே உள்ளமைப்பில் பலர் விற்கிறார்கள். பெயரைப் பார்ப்பதைவிட அந்த உள்ளமைப்பைப் பார்த்து வாங்கினால் போதும்.

பழைய கைப்பிடி கழுத்தில் முறிந்துபோனது. துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே குரோமியம் பூசிய சாதாரண வகை. முறிந்த வாயைப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது. துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்த்து வார்ப்பது இந்த வகை. எந்த வடிவத்திலும் சுலபமாக வார்த்துவிடலாம், அதனால்தான் பூவேலைப்பாடு வைத்த கைப்பிடிகள் பெரும்பாலும் இதில் வருகின்றன. அபூர்வமாகத் திறக்கும் கதவுக்கு இது தாராளமாகப் போதும். எங்கள் வீட்டில் அது கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கிற கதவு. என் மகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் தூக்கித் தொங்கிப் பார்ப்பாள். அந்தக் கலவை வளையாது, ஒருநாள் பட்டென்று முறியும். அப்படித்தான் ஆனது.

முறிவதற்கு ரொம்ப நாள் முன்பே அது தொங்கத் தொடங்கிவிட்டது. கைப்பிடி தொங்கினால் உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். கதவுக்குள் இருக்கும் பூட்டுப் பெட்டியில் ஒரு ஸ்ப்ரிங் இருக்கும், நல்ல கைப்பிடியாக இருந்தால் அதன் தகட்டுக்குள்ளும் இன்னொன்று இருக்கும். எது போனது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு கைப்பிடிகளையும் கழற்றிவிட்டு, நடுவில் ஓடுகிற சதுரக் கம்பியை, அதாவது ஸ்பிண்டிலை, மட்டும் துளையில் செருகி ஒரு குறடால் திருப்பிவிடுங்கள். கதவின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பூட்டின் நாக்கு உள்ளே போய், விட்டதும் சடக்கென்று வெளியே வந்தால் பூட்டு நன்றாக இருக்கிறது, கைப்பிடியை மாற்றினால் போதும். நாக்கு சோம்பலாக வந்தாலோ உள்ளேயே தங்கிவிட்டாலோ, எவ்வளவு நல்ல கைப்பிடி மாட்டினாலும் பயனில்லை. இதைக் கதவைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். கைப்பிடி இல்லாத கதவு காற்றில் சாத்திக்கொண்டு, நீங்கள் உள்ளே மாட்டிக்கொண்டால், அந்தக் கம்பி வெளிப்பக்கத் தரையில்தான் கிடக்கும்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, பலர் இதைச் செய்வதில்லை. கதவு திறந்திருக்கும்போது கைப்பிடி சுகமாக வேலை செய்து, சாத்திய பிறகு மட்டும் இறுகினால், குற்றம் கைப்பிடியில் இல்லை. கீல் தளர்ந்து கதவு இறங்கியிருக்கும். பூட்டின் நாக்கு, கதவு நிலைச் சட்டத்தில் இருக்கும் தகட்டின் ஓட்டையில் உரசும். அந்தக் கதவைத் திறக்கிறவர்கள் தினமும் கைப்பிடியை அமுக்கி, கூடவே மேலே தூக்கி இழுப்பார்கள். கைப்பிடி ஆட்டம் காண்பதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. கீல் திருகுகளை முதலில் இறுக்குங்கள்.

சரி, புதியதற்கு வருவோம். கையில் எடுத்ததும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும், எடை குறைவு. வீட்டிலும் "இவ்வளவு லேசாக இருக்கிறதே" என்றுதான் சொன்னார்கள். ஸ்டீல் கைப்பிடி பெரும்பாலும் உள்ளே காலியான குழாயை வளைத்துச் செய்வது, பழைய துத்தநாகக் கைப்பிடியோ கெட்டியான வார்ப்பு. எடையை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது. காந்தம் ஒட்டிப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. அதிலும் பாதி உண்மைதான். 304 ரக ஸ்டீலில் காந்தம் பொதுவாக ஒட்டாது, ஆனால் குழாயை வளைத்த இடத்தில் லேசாகப் பிடிக்கும், என்னுடையதிலும் பிடிக்கிறது. நிக்கல் குறைவான மலிவு ரகங்களில் சிலவற்றிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தத்தை எடுத்து வைத்துவிட்டு, ரகம் என்ன என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். கடல் காற்று அடிக்கும் இடம் என்றால் 316 ரகம் கேளுங்கள். மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்ந்திருப்பதால் உப்புக்கு அது தாங்கும்.

எனக்கு இந்தப் பெட்டியில் பிடித்தது அதன் ஓரத்தில் அச்சிட்டிருந்த எண் வரிசை. ஐரோப்பியத் தரநிலை இ.என். 1906 படி சோதித்த கைப்பிடிகளில் இப்படி ஒரு வரிசை இருக்கும். முதல் எண் எவ்வளவு முரட்டுத்தனமான பயன்பாட்டைத் தாங்கும் என்பது, 1 முதல் 4 வரை. வீட்டு உள்கதவுக்கு 1 அல்லது 2 போதும், என்னுடையது 3, பொது இடங்களுக்கான தரம். இரண்டாவது எண் 6 என்றால் 1,00,000 முறை, 7 என்றால் 2,00,000 முறை அழுத்திச் சோதித்தது என்று பொருள். ஒரு நாளைக்கு 50 முறை திறக்கும் கதவு என்று வைத்துக்கொண்டால், முதலாவது சுமார் ஐந்தரை ஆண்டு, இரண்டாவது அதன் இரட்டிப்பு. கடைசியில் ஓர் எழுத்து வரும்: ஏ, பி, அல்லது யு. யு என்றால் கைப்பிடிக்குள் ஸ்ப்ரிங் கிடையாது, பூட்டின் ஸ்ப்ரிங்கை நம்பித்தான் அது நிமிர்ந்து நிற்கும். மற்ற இரண்டிலும் உண்டு. லீவர் என்றால் அதன் எடை முழுதும் ஒரு பக்கமாகத் தொங்குகிறது. முன்பு உருண்டைக் குமிழ் மாட்டியிருந்த கதவானால், உள்ளே இருக்கும் பூட்டில் ஸ்ப்ரிங் மெலிதாகத்தான் இருக்கும், குமிழைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லையே. அங்கே ஸ்ப்ரிங் இல்லாத லீவரை மாட்டினால் கொஞ்ச நாளில் அது கீழே சாயும்.

அளவெடுக்கும் விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நீளத் தகடு வைத்த கைப்பிடி என்றால், கைப்பிடியின் மையத்திலிருந்து சாவித் துளையின் மையம் வரை உள்ள தூரம் பழையதோடு அச்சாகப் பொருந்த வேண்டும். 72, 85, 92 மி.மீ. என்று பல அளவுகள் உண்டு, கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, மாட்டும்போது சாவி நுழையாது. வட்டத் தகடு வகையில் இந்தத் தலைவலி இல்லை, ஏனென்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் தனித்தனி. நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம், அழகு அல்ல. இதில் ஒரு குறையும் உண்டு: பழைய நீளத் தகடு மறைத்திருந்த திருகு ஓட்டைகளும் வெளிறாத சாயப் பட்டையும் இப்போது வெளியே தெரிகின்றன. ஓட்டைகளை மரப் பசையால் அடைத்துத் தேய்த்தேன், சாயத்தை ஒப்பேற்ற முடியவில்லை. கதவை முழுதாகத் திரும்ப வண்ணம் பூச உங்களுக்குப் பொறுமை இல்லை என்றால் நீளத் தகட்டு வகையையே வாங்குங்கள்.

ஸ்பிண்டில் பெரும்பாலும் 8 மி.மீ. சதுரம், ஆனால் 7, 9 மி.மீ.யும் உண்டு. பூட்டில் 8 மி.மீ. துளையும் கைப்பிடியோடு 7 மி.மீ. கம்பியும் வந்தால் நடுவில் செருகச் சின்ன உறை கிடைக்கிறது. அது இல்லாமல் மாட்டினால் முதல் நாளிலிருந்தே ஆடும். கதவின் கனத்தையும் அளந்துகொள்ளுங்கள். என் பெட்டியில் வந்த கம்பியும் திருகுகளும் 35 முதல் 45 மி.மீ. வரை கனமுள்ள கதவுக்கானவை. கனமான வாசல் கதவுக்கு எட்டாது.

மாட்டும் வேலை எளிது. இந்த வகையில் ஒரு பக்கத் தகட்டிலிருந்து மறுபக்கத் தகட்டுக்குக் கதவை ஊடுருவி இரண்டு திருகுகள் போகின்றன, மையத்தின் இரு புறமும், ஒன்றுக்கொன்று 38 மி.மீ. இடைவெளியில். பூட்டுப் பெட்டியிலும் அதே இடத்தில் ஓட்டை இருந்தால் நேராகப் போய்விடும், என்னுடையதில் இருந்தது. இல்லையென்றால் மரத் திருகு போட்டும் மாட்டலாம், அதற்கும் திருகு வைத்திருக்கிறார்கள். ஆனால் முடிந்தவரை ஊடுருவும் திருகுதான். மரத்தில் மட்டும் பிடித்திருக்கும் திருகு, கைப்பிடியை அழுத்துகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மரத்தை அரைத்துத் தளர்ந்துவிடும். எதிரெதிர்த் தகடுகளை ஒன்றோடொன்று கட்டிவைத்தால் அந்தப் பேச்சே இல்லை.

இறுக்கும்போது ஒரு எச்சரிக்கை. உள்ளே தேன்கூடு அட்டை வைத்த இலேசான கதவு என்றால், திருகை மல்லுக்கட்டி இறுக்காதீர்கள். தகடுகள் உள்நோக்கி அழுந்தி, கைப்பிடி பாதி வழியில் நின்றுகொண்டு மேலே வராது. கைப்பிடி தானாக நிமிரும் அளவுக்கு இறுக்கி, ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இடது, வலது என்று கைப்பிடிகளும் தனித்தனி. என் பெட்டியில் இரண்டும் சரியாக வந்தன. ஸ்ப்ரிங் எந்தப் பக்கம் திருகும்படி வைக்க வேண்டும் என்று தகட்டின் பின்புறம் சின்ன அம்பு இருக்கிறது. தாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்பு தலைகீழாகிவிட்டால் கைப்பிடி மேலே போகும், கீழே வராது. இந்த ஒரு வரியை எழுத அவர்களுக்கு எவ்வளவு இடம் ஆகியிருக்கும்?

தாளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, இன்னும் மிச்சம் இருக்கிறது. துளையிட வழிகாட்டும் படம் என்று ஒன்று அச்சடித்திருக்கிறார்கள். அளவுகோல் வைத்துப் பார்த்தேன், உண்மை அளவைவிடச் சின்னதாக இருந்தது. கதவில் புதிதாகத் துளை போடுகிறவர் அதை ஒட்டி வைத்துப் போட்டால் கதவு கெட்டது. தகட்டையே கதவில் வைத்துப் பென்சிலால் குறித்துக்கொள்வது உத்தமம்.

அடுத்த குறை, கைப்பிடியைக் கம்பியில் பிடித்து நிறுத்தும் அந்தத் தலையில்லாத சின்னத் திருகு. அதற்குக் கொடுத்திருந்த ஆலன் கீ (அறுகோண முனையுள்ள திருகுச் சாவி) மெலிதான இரும்பு, முதல் இறுக்கலிலேயே முனை மழுங்கியது. நான் வீட்டிலிருந்த 3 மி.மீ. கீயைப் பயன்படுத்தினேன். இந்தத் திருகு, எந்தக் கைப்பிடியாக இருந்தாலும், நாளாக நாளாகத் தளரும். ஆகவே அதன் மரையில் திருகு தளராமல் இருக்கப் போடும் பசையில் ஒரு சொட்டு விட்டேன், மீண்டும் கழற்றக்கூடிய வகையில். கெட்டியான வகையை வாங்கிவிட்டால் அடுத்த முறை திருகைக் கழற்றுவது பெரும்பாடு.

மாட்டிச் சில மாதங்கள் ஆகின்றன. தொங்கவில்லை, ஆடவில்லை. கீழே உள்ள சாவித் தகட்டின் மேல் மூடி மட்டும் இலேசாகச் சுழல்கிறது, கடகடவென்று ஒலிப்பதில்லை, ஆனால் தொட்டால் தெரிகிறது. கைப்பிடியின் நுனி கதவை நோக்கி வளைந்திருப்பதில் எனக்கு முழுத் திருப்தி. நுனி நேராக நிற்கும் கைப்பிடியில் சட்டைக் கையும் பையின் வாரும் மாட்டிக்கொள்ளும், இதில் அப்படி நேர்வதில்லை. என் அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி. குமிழைப் பிடித்துத் திருகுவது அவருக்கு வேதனை. இதை அவர் உள்ளங்கையால் அமுக்கியே திறந்துவிடுகிறார், கையில் ஏதாவது இருந்தால் முழங்கையால். மகள் இன்னும் தொங்கத்தான் செய்கிறாள். அதை நான் சிபாரிசு செய்யவில்லை.

துடைக்க ஈரத் துணியும் கொஞ்சம் சோப்பும் போதும். குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்தை மட்டும் இதன் மேல் ஊற்றாதீர்கள். ஸ்டீலையே அது புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

குளியலறைக்கும் இதே வகையையே வாங்கப் போகிறேன். அதில் உள்பக்கம் தாழ் போடும் சின்னக் குமிழ், வெளியே அவசரத்துக்கு நாணயத்தால் திருப்பும் காடி, இரண்டும் தனிக் கம்பியில் ஓடும். அந்தக் கம்பி 5 மி.மீ.யா, 6ஆ, 8ஆ என்பது பூட்டுக்குப் பூட்டு மாறுகிறது. பூட்டைக் கழற்றி அளந்த பிறகுதான் ஆர்டர் போடுவேன்.