ஃபிஷ்பேஸ்: பவளப்பாறை மீன்களைப் படிப்பவர்களுக்கு எந்த அளவு உதவுகிறது?

பவளப்பாறை மீன்களை முறையாகப் படிக்கத் தொடங்கும் எவரும் விரைவில் வந்து சேரும் இடம் ஃபிஷ்பேஸ் என்னும் இணையத் தரவுத்தளம். 1980களின் இறுதியில் மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி முன்வைத்த எண்ணத்தை அவரும் ரைனர் ஃப்ரோஸும் பிலிப்பைன்ஸில் இயங்கிய மீன்வள ஆய்வு மையம் ஒன்றின் வழியாக வளர்த்தெடுத்தனர். 1995இல் குறுந்தகடாக வெளிவந்த அந்தத் தொகுப்பு, 1996இல் இணையத்துக்கு வந்தது. இன்று அதில் 35,000க்கும் மேற்பட்ட மீனினங்கள் உள்ளன. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, பெயரைப் பதிவு செய்யவும் வேண்டியதில்லை.

பாறை மீன் ஆய்வில் இதன் உண்மையான பயன் நீள–எடை அளவுகளில்தான் இருக்கிறது. முக்குளித்து மீன்களைக் கணக்கெடுப்பவர்கள் கடலடியில் அளவுநாடாவை விரித்து, அதன் இருபுறமும் தென்படும் மீன்களின் இனத்தையும் எண்ணிக்கையையும் ஏறத்தாழ நீளத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். எந்த மீனையும் பிடிப்பதில்லை, எடை போடுவதுமில்லை. ஆனால் ஒரு பாறைத்தொடர் நலமாக இருக்கிறதா, அங்கே மீன்பிடித் தடை பலன் தருகிறதா என்று சொல்ல, மொத்த மீன்களின் எடை தெரிய வேண்டும். நீளத்திலிருந்து எடையைக் கணக்கிடும் வாய்பாட்டுக்கு ஒவ்வோர் இனத்துக்கும் உரிய இரண்டு எண்கள் தேவை. அவற்றை ஃபிஷ்பேஸ் தருகிறது. அவற்றுள் அடுக்காக வரும் எண் பெரும்பாலான மீன்களுக்கு 3ஐ ஒட்டியே இருப்பதால், நீளம் இரு மடங்கானால் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. பெரிய களவா மீன்கள் சிலவற்றை மட்டும் பிடித்துவிட்டால், எண்ணிக்கை அதிகம் குறையாமலேயே பாறையின் மீன்வளம் எவ்வளவு சரிந்துவிடும் என்பதை இந்தக் கணக்கு தெளிவாக உணர்த்துகிறது. கடற்பாதுகாப்பைப் பற்றிப் பேசுபவர்கள் அனைவரும் ஒருமுறையாவது இதைத் தாமே போட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஓர் இனத்தின் பக்கத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு நெப்போலியன் ராஸ் நல்ல எடுத்துக்காட்டு. இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் பாறைகளில் வாழும் இம்மீன் 229 செ.மீ. வரை வளரக்கூடியது என்றும், பெண் மீன்களில் சில பின்னாளில் ஆணாக மாறுகின்றன என்றும், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது அழிவாபத்தில் உள்ள இனம் என்றும் ஒரே பக்கத்தில் காணலாம். இவற்றைச் சேர்த்து வாசிக்கும்போது, ஹாங்காங் உணவகங்களுக்காக உயிருடன் பிடிக்கும் வணிகம் இந்த இனத்தை ஏன் இவ்வளவு கடுமையாகப் பாதித்தது என்பதும், 2004இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஏன் சேர்த்தார்கள் என்பதும் புரிகிறது: மெதுவாக வளர்ந்து, தாமதமாக ஆணாக மாறும் மீனில் பெரியவற்றை எடுத்துவிட்டால், இனப்பெருக்கத்துக்கு ஆண்களே போதாமல் போகும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எல்லா எண்களும் அளந்து பெற்றவை அல்ல. அளவீடு குறைவாக உள்ள இனங்களுக்கு, அதே பேரினத்திலும் குடும்பத்திலும் உள்ள உறவு மீன்களை வைத்துக் கணித்த மதிப்பையே தருகிறார்கள். அது எதன் அடிப்படையில் வந்தது என்று எண்ணின் அருகிலேயே எழுதியிருக்கிறார்கள், பிழை எல்லையையும் தருகிறார்கள். இந்த நேர்மையை மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சிறு குறிப்பு பக்கத்தின் நெரிசலில் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும், கைபேசியில் இன்னும் கூடுதலாக. பரவல் வரைபடங்களிலும் இதே கவனம் வேண்டும். அவற்றில் நிறமிட்ட பகுதி, வெப்பநிலை, ஆழம் போன்றவற்றைக் கொண்டு கணினி கணித்த வாழிடமே தவிர, மீனை அங்கே பார்த்ததற்கான சான்று அன்று. மன்னார் வளைகுடாவில் ஓர் இனம் உண்டு என்று எழுதுவதற்கு அந்த நிறம் மட்டும் போதாது.

பவளங்களே இதில் இல்லை. மீனல்லாத கடலுயிர்களுக்கு உடன்பிறப்பான சீலைஃப்பேஸ் தளத்துக்குத்தான் போக வேண்டும்.

படத்தொகுப்பு சிறப்பாக இருக்கிறது. பேரரச ஏஞ்சல் மீனின் குஞ்சு கருநீல உடலில் வெள்ளை வளையங்களோடும், வளர்ந்த மீன் மஞ்சள் கோடுகளோடும் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்காத மாணவர் அவற்றை இரு வேறு இனங்களாகவே எண்ணிவிடுவார். வழக்குப்பெயர்ப் பட்டியலில் தமிழ்ப் பெயர்களும் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான். நூற்றுக்கணக்கான இனங்களை ஒன்றாக ஆராய்பவர்கள் ஒவ்வொரு பக்கமாகத் திறப்பதை விட, ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழிக்கான ஆர்ஃபிஷ்பேஸ் தொகுப்பின் வழியே தரவை எடுப்பது நல்லது. தளத்தை அவ்வப்போது திருத்துவதால், ஆய்வறிக்கையில் எந்த மாதத்துப் பதிப்பிலிருந்து எண்களை எடுத்தோம் என்பதைத் தவறாமல் குறிப்பிட வேண்டும்.