எட்டு அணைக்கட்டும் ஓர் அட்டவணையும்: விக்கியில் எதில் பழகுவது?

பாளையங்கோட்டையில் பத்தாவது படிக்கும் என் மருமகனுக்குத் தாமிரபரணி அணைக்கட்டுகளைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுத ஆசை. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இப்போது பக்கத்தைத் தொகுக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, குறிகளைக் கையால் அடிக்கும் மூலத் தொகுப்பு. மற்றது, வேர்டில் அடிப்பது போல வேலை செய்யும் விசுவல் எடிட்டர். இரண்டையும் மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பழகுவதற்கென்று உள்ள பக்கத்தில், போட்டுப் பார்த்தோம்.

தலைப்புக்கு இருபுறமும் ==, பட்டியலுக்கு வரியின் தொடக்கத்தில் *. இந்த அளவுக்கு எதுவானாலும் சரிதான். சாய்வெழுத்தில் மட்டும் கவனம் வேண்டும். மூலத்தில் சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு ஒற்றை மேற்கோள் குறி போட வேண்டும். ஓர் இரட்டைக் குறி போட்டாலும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், எழுத்து சாயாது. பையன் அரை மணி நேரம் மல்லுக்கட்டியது இதில்தான்.

இணைப்பு கொடுக்கையில் நம் வேற்றுமை உருபு குறுக்கே வருகிறது. பக்கத்தின் பெயர் ‘ஆறு’ என்று முடியும், வாக்கியத்தில் ‘ஆற்றின்’ என்று வரும். அதற்கு மூலத்தில் [[தாமிரபரணி ஆறு|தாமிரபரணி ஆற்றின்]] என்று எழுத வேண்டும். கோட்டுக்கு முன்னால் பக்கத்தின் பெயர், பின்னால் வாசகர் காண்பது. விசுவல் எடிட்டரில் சொல்லைத் தேர்ந்து, வரும் பெயர்களில் ஒன்றைத் தொட்டால் போதும். ஆனாலும் கையால் எழுதிப் பழகியவருக்குத்தான் அடுத்தவர் போட்ட இணைப்பு எங்கே தவறியது என்று சட்டென்று தெரியும்.

அட்டவணைதான் பெரிய சோதனை. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று அணைக்கட்டு 8, கால்வாய் 11. மருதூரில் மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால். கோடைமேலழகியானிலும் வடக்கு, தெற்கு என்று இரண்டு. ஆகவே இந்த மூன்று பெயர்களுக்கும் கட்டம் இரண்டு வரிசைக்கு நீள வேண்டும். மூலத்தில் {| போட்டுத் திறந்து, ஒவ்வொரு வரிசைக்கும் |- இட்டு, |} போட்டு மூட வேண்டும்; நீளும் கட்டத்துக்கு, எத்தனை வரிசை என்று சொல்லும் ‘ரோஸ்பேன்’ (rowspan) எண்ணும் தர வேண்டும். கன்னடியனுக்குப் பிறகு ஒரு |- விட்டுப்போயிற்று.

“பாத்தியளா மாமா, அரியநாயகிபுரமும் கன்னடியனும் ஒரே வரிசையில ஒட்டிக் கெடக்கு!”

முன்தோற்றத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக எண்ணித்தான் அதைக் கண்டுபிடித்தோம். விசுவல் எடிட்டரில் இரண்டு கட்டங்களையும் சேர்த்துத் தேர்ந்து ‘இணை’ என்றால் வேலை தீர்ந்தது. அட்டவணைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை.

அதற்காக அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். பேச்சுப் பக்கத்திலும் பல பக்கங்களில் பொதுவாக எடுத்தாளும் வார்ப்புருப் பக்கத்திலும் விசுவல் எடிட்டர் வழக்கமாகத் திறக்காது. ஒருவர் உடைத்த பக்கத்தைச் சரிசெய்யவும் மூலம் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதலில் குறிகளைக் கையால் அடித்தே பழகட்டும். அட்டவணைக்கு மட்டும் விசுவல் எடிட்டருக்குப் போகலாம். செய்த மாற்றத்தை இழக்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற பென்சில் பொத்தான் இருக்கிறது.

அந்தப் பொத்தானை மருமகன் நன்றாகப் பிடித்துக்கொண்டான். மருதூர்க் கட்டத்தை விசுவல் எடிட்டரில் இணைத்துவிட்டு, உடனே மூலத்துக்கு மாறி உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தான். ரோஸ்பேன் 2 என்றிருந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்கு அதை அவனே கையால் அடித்தான்.