பின்வளவில் ஓர் அறை: இங்கிலாந்தில் அனுமதிக்கான நான்கு வழிகள்

இலண்டனின் ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ ஒரு தமிழ் வீட்டின் பின்வளவில் புதிதாக ஒரு கார்டன் ரூம் எழுந்தால், அதைப் பார்க்க வரும் உறவினர்கள் செலவு எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அடுத்ததாகக் கவுன்சிலின் அனுமதி எடுத்தாயிற்றா என்று கேட்பார்கள். “இரண்டரை மீட்டருக்குள் கட்டினால் ஒன்றும் தேவையில்லை” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். அது பாதி உண்மைதான். உயரத்தை ஓர் அளவுநாடாவால் சரிபார்த்துவிடலாம். அந்த அறையில் யார் படுத்துறங்கப் போகிறார்கள் என்பதுதான் எந்த வழியில் போக வேண்டும் என்பதை முடிவுசெய்கிறது. கீழே சொல்பவை இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும்; வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் விதிகள் வேறு.

முதல் வழி, விண்ணப்பமே இல்லாமல் கட்டுவது. 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணையில் ‘வகுப்பு ஈ’ என்ற பிரிவு இதற்கு இடமளிக்கிறது. கட்டடம் ஒரே தளமாக இருக்க வேண்டும். வீட்டின் முகப்புக்கு முன்னால் வரக்கூடாது. இறவார (கூரையின் கீழ் விளிம்பு) உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. மொத்த உயரம் இருபக்கச் சரிவுக் கூரைக்கு 4 மீட்டர், மற்றக் கூரைகளுக்கு 3 மீட்டர். எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் எந்தப் பகுதியாவது வந்தால் முழுக் கட்டடமும் 2.5 மீட்டருக்குள் அடங்க வேண்டும். பின்னால் சேர்த்த நீட்டிப்புகளும் ஷெட்டுகளும் உட்பட எல்லாக் கட்டடங்களும், மூல வீடு நிற்கும் நிலத்தைக் கழித்து மிஞ்சும் வளவில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. மாடிக்குடியிருப்புகளுக்கு இந்த உரிமை கிடையாது. புதுக் குடியிருப்புத் திட்டங்களில் மூல அனுமதியின் நிபந்தனையாகவே இந்த உரிமை பறிக்கப்பட்டிருப்பதும் உண்டு; ஆகையால் வீடு வாங்கியபோது கிடைத்த பத்திரங்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

இலண்டனின் ஒடுங்கிய வளவுகளில் வேலியிலிருந்து 2 மீட்டர் விலகிக் கட்ட யாருக்கும் மனம் வராது. எனவே நடைமுறையில் எல்லோருக்கும் வாய்ப்பது அந்த 2.5 மீட்டர்தான். அது உள்ளே எவ்வளவாகச் சுருங்குகிறது என்பதைக் கட்டிய பிறகே பலர் உணர்கிறார்கள். நிலத்துக்கு மேல் எழும் அடித்தளத்துக்குப் பத்து சென்டிமீட்டர், வெப்பக்காப்புடன் கூடிய தரைக்கு இன்னொரு பத்து, கூரையின் தடிப்புக்கு இருபது என்று கழித்தால் தலைக்கு மேல் எஞ்சுவது 2.1 மீட்டர், உயரமானவர் சட்டையைத் தலைக்கு மேலால் கழற்றும்போது கை விட்டத்தில் இடிக்கும். சரிவான வளவுக்காரருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: கட்டடத்தை ஒட்டிய நிலத்தின் மிக உயர்ந்த புள்ளியிலிருந்தே உயரம் அளக்கப்படுகிறது.

அளவுகள் எல்லாம் பொருந்தினாலும் ஒரு நிபந்தனை எஞ்சி நிற்கும். கட்டடம் வீட்டு வாழ்வுக்குத் துணையான தேவைக்காக இருக்க வேண்டும். உடற்பயிற்சி அறை, வேலை செய்யும் மேசை, சைக்கிள்களும் அரிசி மூட்டைகளும் வைக்கும் கொட்டில் ஆகியவை துணைத் தேவைகள். படுக்கையறை, குளியலறை, குசினி ஆகியவை அப்படியல்ல; அவை வீட்டின் முதன்மைப் பயன்பாடுகள் என்று அரசின் வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. ஊரிலிருந்து வரும் அம்மாவுக்காக ஒரு கட்டிலும் கழிவறையும் வைத்துக் கட்டிவிட்டு, வகுப்பு ஈயின் கீழ் கட்டினேன் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது வழியான சட்டபூர்வச் சான்றிதழ் இதே உரிமையை எழுத்தில் பெறுவது. கட்டணம் வழக்கமான விண்ணப்பத்தில் பாதி. கவுன்சில் இங்கே அழகையோ அயலவரின் விருப்பத்தையோ எடைபோடுவதில்லை. வரைபடமும் சொல்லப்பட்ட பயன்பாடும் சட்டத்துக்குள் அடங்குகின்றனவா என்று மட்டுமே பார்க்கிறது. வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்கும் தாள்களில் இதுவும் ஒன்று என்பதால், முதல் வழியைத் தனியாக எடுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. பல்லாயிரம் பவுண் செலவழிப்பவர் இந்தச் சிறு தொகையில் மட்டும் சிக்கனம் பிடிப்பது விந்தை.

மூன்றாவது, முறையான திட்ட அனுமதி. அயலவருக்கு அறிவித்தல் போகும், முடிவுக்கான காலவரை 8 வாரம், மறுக்கப்படவும் கூடும். ஆனால் அம்மா அங்கே உறங்கலாம். வீட்டின் அங்கமாகவே பயன்படுத்த வேண்டும், தனியாக வாடகைக்கு விடவோ விற்கவோ கூடாது என்ற நிபந்தனையுடன் அனுமதி வருவது வழக்கம்.

நான்காவது வழி பலருக்குத் தெரியாதது. 1968ஆம் ஆண்டின் கரவன் தளச் சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குள் அடங்கும் நடமாடும் இல்லம் சட்டத்தின் கண்ணில் கட்டடமே அல்ல. 20 மீட்டர் நீளம், 6.8 மீட்டர் அகலம், உள்ளே 3.05 மீட்டர் உயரம் வரை அனுமதிக்கப்படுவதால், சாதாரண இலண்டன் வளவில் அந்த எல்லையைத் தொடவே இடமிருக்காது. அதில் பெற்றோர் உறங்கி, உணவையும் அன்றாடத்தையும் பெரிய வீட்டோடு பகிர்ந்துகொண்டால், நிலப் பயன்பாடு மாறியதாகக் கொள்ளப்படுவதில்லை. நுணுக்கம் என்னவென்றால், அது இரண்டுக்கு மேற்படாத பகுதிகளாக வந்து தளத்தில் பொருத்தப்பட வேண்டும். பொருத்திய பின் முழுதாகத் தூக்கி நகர்த்தக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பலகை பலகையாக வளவிலேயே அடித்துக் கட்டியதைக் கரவன் என்று வாதிட்டால் எடுபடாது. இந்த வழியில் போகிறவருக்குச் சான்றிதழ் இன்னும் அவசியம்.

திட்ட அனுமதியோடு, கட்டுமானத்தின் பாதுகாப்பைப் பார்க்கும் கட்டட ஒழுங்குவிதிகளைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. உறங்கும் வசதி இல்லாத, 15 சதுர மீட்டருக்கு மேற்படாத தனிக்கட்டடத்துக்கு விலக்கு உண்டு. 30 சதுர மீட்டர் வரையும் உண்டு. ஆனால் அது எல்லையிலிருந்து 1 மீட்டர் தள்ளியோ பெரும்பாலும் எரியாத பொருளாலோ இருக்க வேண்டும். கட்டில் வந்துவிட்டால் விலக்கு போய்விடும். மின்னிணைப்புக்கு எந்த அளவிலும் விலக்கு இல்லை.

இவை தவிர, சத்தமில்லாமல் கட்டிவிட்டு, குறித்த காலம் கடந்தால் கவுன்சில் நடவடிக்கை எடுக்க முடியாது என்ற நம்பிக்கையில் ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருப்பது என்ற ஐந்தாவது வழியும் நம்மிடையே உலவுகிறது. நான்கு ஆண்டு தாண்டினால் போதும் என்று இன்றும் சொல்பவர்கள், 2024 ஏப்ரல் 25 முதல் அது இங்கிலாந்தில் பத்தாகிவிட்டதைக் கவனிக்கவில்லை. களஞ்சியத்தின் தோற்றத்துக்குள் வீட்டை மறைத்துக் கட்டிய ஒருவருக்கு, காலம் கடந்தும் பாதுகாப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. ஸ்லவ் நகரில் 2013இல் கவுன்சிலே விமானத்திலிருந்து வெப்பப் படம் எடுத்து ஆள் வசிக்கும் ஷெட்டுகளைத் தேடியது. அயலவர் ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஒரு மின்னஞ்சல் அனுப்புவதற்கு விமானமும் தேவையில்லை.

என் தெரிவைக் கேட்டால், உறங்காத அறைக்கு இரண்டாவது வழி, பெற்றோருக்கு மூன்றாவது. வளவின் பின்பக்கத்துக்குப் பாரவண்டியோ கிரேனோ எட்டும் வீடென்றால் நான்காவதையும் விலை விசாரிக்கலாம். பெற்றோருக்கான அறை தனிக் குசினியும் தனிக் குளியலறையும் கொண்டதாக அமைந்துவிட்டால், அதற்கு வேறாகக் கவுன்சில் வரி விதிக்கப்படலாம். அங்கே குடியிருப்பவர் உங்களைச் சார்ந்து வாழும், 65 வயதைக் கடந்த உறவினராக இருந்தால் வரிவிலக்குக் கேட்டு எழுதலாம்.