ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ: விடையை ஆரம்பத்துலயே காட்டிட்டு நம்மள தேட விடற படம்

டாரியோ அர்ஜென்டோ 1975ல எடுத்த இத்தாலியன் மர்டர் மிஸ்டரி, டீப் ரெட்னு தேடினாலும் இதுதான் வரும். கொலையாளி யாருன்னு கண்டுபிடிக்கற படங்கள் பிடிக்கும்னா இதை கண்டிப்பா பார்த்துடுங்க.

மார்கஸ்னு ஒரு ஜாஸ் பியானோ வாசிக்கறவன் (டேவிட் ஹெம்மிங்ஸ்), நடு ராத்திரி ஆளே இல்லாத சதுக்கத்துல கார்லோங்கற ஃப்ரெண்டோட பேசிட்டு நிக்கறான், அப்ப மேல ஜன்னல்ல ஒரு பொம்பளைய யாரோ வெட்டறத பார்த்துட்டு அடிச்சு புடிச்சு ஓடறான். அந்த வீட்டு காரிடார் ரெண்டு பக்கமும் பெயிண்டிங்கா மாட்டி வச்சிருக்கும். போலீஸ் வந்தப்புறம் அவனுக்கு ஒரே உறுத்தல், முதல்ல பார்த்த ஏதோ ஒரு படம் இப்ப இங்க இல்லையேன்னு. மொத்த கதையும் அந்த ஒரு உறுத்தல்லதான் நிக்குது.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சதே அந்த காரிடார் சீன்தான். கேமரா அவனோடயே ஓடுது, அவன் பார்த்ததெல்லாம் நாமளும் பார்த்துடறோம், விடையும் அங்கயே இருக்கு! கடைசில சம்பந்தமே இல்லாத ஒருத்தர கொண்டு வந்து இவர்தான் கொலைகாரர்னு சொல்ற ஏமாத்து வேலை இதுல கிடையாது. இத ஸ்பாய்லர்னு நினைக்காதீங்க, தெரிஞ்சுகிட்டே பார்த்தாலும் முதல் தடவை முக்கால்வாசி பேருக்கு கண்ணுல படாது. முடிஞ்சதும் ரிவைண்ட் பண்ணி அந்த இடத்த நிறுத்தி பாருங்க, எனக்கு முதுகுத்தண்டு சில்லுனு ஆயிடுச்சு.

இன்னொரு இடம், ரொம்ப நாளா யாரும் இல்லாத ஒரு பங்களா. மார்கஸ் உள்ள போய் சுவத்துல பூச்ச சுரண்ட சுரண்ட, அடியில ஒரு குழந்தை வரைஞ்ச கொலைப் படம் கொஞ்சம் கொஞ்சமா தெரிய வருது. பார்த்தாச்சுன்னு அவன் கிளம்பிடறான், அவன் போனதுக்கு அப்புறம் இன்னொரு துண்டு பூச்சு தானா உதிர்ந்து விழுது, அதுல இருக்கறது நமக்கு மட்டும்தான் தெரியும். கத்தியும் இல்ல ரத்தமும் இல்ல, வெறும் சுவர் ஒண்ண வச்சே இவ்ளோ பதட்டம் குடுக்கறாரு மனுஷன்.

மியூசிக் காப்ளின்னு ஒரு ராக் பேண்ட். முதல்ல ஜார்ஜியோ காஸ்லினிங்கற ஜாஸ் ஆள்தான் போட ஆரம்பிச்சாரு, அது டைரக்டருக்கு சரிப்படாம இந்த பசங்கள கூட்டிட்டு வந்தாரு. அந்த தீம் மியூசிக் ஒரு பக்கம்னா, கொலைக்கு முன்னாடி கேக்கற குழந்தைப் பாட்டு இன்னொரு பக்கம், எனக்கு ரெண்டாவதுதான் அதிக பயம். ஹெட்ஃபோன் போட்டு பாருங்க. கதை நடக்கறது ரோம்ல, ஆனா அந்த சதுக்கம் டூரின்ல இருக்கு, அங்க வர்ற பார் எட்வர்ட் ஹாப்பரோட நைட்ஹாக்ஸ் ஓவியத்த அப்படியே செட்டா போட்டது. கையுறை போட்ட கொலைகாரக் கைகளும் பெரும்பாலும் அர்ஜென்டோவோட சொந்தக் கைதானாம்.

குறைன்னா, நடுவுல விசாரணை கொஞ்சம் இழுக்குது, சில பேர் திடீர்னு எப்படி உண்மைய கண்டுபிடிக்கறாங்கன்னு லாஜிக் கேட்டா பதில் இல்ல. கொலை சீன்கள் ரொம்ப கொடூரம், கொதிக்கற தண்ணி சீன் எல்லாம் என்னால முழுசா பார்க்க முடியல, ரத்தம் ஆகாதவங்க தயவுசெஞ்சு தவிர்த்துடுங்க.

பார்க்கறதா இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடற இத்தாலியன் வெர்ஷனையே பாருங்க. இங்கிலீஷ் வெர்ஷன்ல இருபது நிமிஷத்துக்கு மேல வெட்டிட்டாங்க, அதுல ஜியான்னாங்கற ரிப்போர்ட்டரும் (டாரியா நிக்கோலோடி) மார்கஸும் சண்டை போட்டுக்கற, கலாய்ச்சுக்கற சீன்கள் நிறைய போயிடுச்சு. இவ்ளோ இருட்டான படத்துல நாம மூச்சு விடற இடமே அதுதான், அந்தம்மா நடிப்பு அவ்ளோ அழகு. சில டிஸ்க்ல இங்கிலீஷ் ஆடியோ போட்டா நடு நடுவுல இத்தாலியனுக்கு மாறும், வெட்டின சீன்களுக்கு இங்கிலீஷ் ஆடியோ கிடையாது, அதனால முதல்லயே இத்தாலியன் ஆடியோவும் சப்டைட்டிலும் வச்சுக்கோங்க.