ஸ்டெல்லாரிஸ், டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2, எண்ட்லெஸ் ஸ்பேஸ் 2: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய கணினி விளையாட்டு பிடிக்காமல் போனால், வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கார்ப் பந்தயத்துக்கோ துப்பாக்கிச் சண்டைக்கோ அந்த 2 மணி நேரம் தாராளம். தலைப்பில் உள்ள மூன்றையும் போன்ற விண்வெளி வியூக விளையாட்டுக்கு அது எந்த மூலைக்கும் போதாது. பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று பழகி, ஆய்வுக்கப்பலைப் பத்துப் பதினைந்து விண்மீன்களுக்கு அனுப்பி, முதல் அண்டை நாட்டுக்கு வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கெடு தாண்டிவிடும். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் அத்தை மகன், "தள்ளுபடி போட்டிருக்கிறார்கள், ஒன்றுதான் வாங்க முடியும், எது என்று சொல்லுங்கள் அண்ணா" என்று கேட்டபோது, இந்தச் சிக்கலை வைத்துத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. முதல் மணி நேரத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். இருபதாவது மணி நேரத்தில் திரையின் முன் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருப்போம் என்பது தெரிந்தால்தான் வாங்கலாமா வேண்டாமா என்று சொல்ல முடியும். இந்த ஒப்பீடு முழுவதும் அந்த ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

இந்த வகைக்கு '4 எக்ஸ்' என்று பெயர். 1993-இல் மாஸ்டர் ஆஃப் ஓரியன் என்ற விண்வெளி விளையாட்டு வெளிவரவிருந்த சமயத்தில் ஆலன் எம்ரிக் என்ற விமர்சகர் எழுதிய முன்னோட்டத்தில் பிறந்த பெயர் அது. ஆங்கிலத்தில் 'எக்ஸ்' ஒலியோடு தொடங்கும் நான்கு சொற்களைக் குறிக்கிறது: தேடு, பரவு, சுரண்டு, ஒழி. முதல் இரண்டும் எந்த விளையாட்டிலும் இனிக்கும். மூன்றாவதில்தான் விளையாட்டுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. நான்காவது வருவதற்குள் பாதிப் பேர் புதிய ஆட்டம் தொடங்கிவிடுகிறார்கள்.

ஸ்டாக்ஹோமின் பாரடாக்ஸ் நிறுவனம் 2016 மே மாதம் வெளியிட்ட ஸ்டெல்லாரிஸ், 2200-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்ற அதன் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் கண்முன்னே நகரும். ஸ்பேஸ் பட்டையைத் தட்டினால் காலம் நின்றுவிடும். வழக்கமான அமைப்பில் 2500-ஆம் ஆண்டில் மதிப்பெண் கூட்டி வெற்றியாளரை அறிவிப்பதால், முழு ஆட்டம் என்பது 1,08,000 நாட்கள். நம் மக்கள் போர்வெறியர்களா அமைதி விரும்பிகளா, அயலாரை அணைப்பவர்களா வெறுப்பவர்களா, சமத்துவம் பேசுபவர்களா அதிகாரத்துக்குப் பணிபவர்களா, ஆன்மிகவாதிகளா பொருள்முதல்வாதிகளா என்று தொடக்கத்திலேயே தீர்மானித்துவிடுகிறோம். அந்தத் தீர்மானம் பிறகு எந்தச் சட்டத்தை இயற்றலாம், எந்த அண்டை நாடு நம்மைப் பார்த்து முகம் சுளிக்கும் என்பது வரை ஆட்டம் முழுக்கக் கூடவே வரும். ஆய்வுக்கப்பல் ஒரு வெற்றுக் கோளைச் சுற்றும்போது ஏதோ விசித்திரம் தென்படுகிறது என்று சொல்லும், விஞ்ஞானியின் தேர்ச்சியைப் பொறுத்து அதை ஆராய இத்தனை நாளாகும் என்று காட்டும், பிறகு ஒரு பத்தியில் ஒரு சிறுகதையே வரும். இந்த விளையாட்டின் மீது மக்களுக்கு உள்ள காதலில் பாதி, இந்தச் சிறுகதைகளால் வந்தது.

இருபதாவது மணி நேரத்தில் நிலைமை வேறு. எட்டுப் பத்துக் கோள்களில் மக்கள் குடியேறியிருப்பார்கள். திரையின் மேற்பட்டையில் நுகர்பொருள் கணக்கு சிவப்பு எழுத்தில் −14 என்று நிற்கும். ஆராய்ச்சி வேகமாக நடக்கட்டும் என்று நான்கு கோள்களில் ஆய்வுக்கூடம் கட்டியதன் விளைவு அது: ஆராய்ச்சியாளர்கள் மாதந்தோறும் நுகர்பொருளைத் தின்பார்கள், நுகர்பொருள் செய்யத் தாது வேண்டும், அதே தாதுவைத்தான் கப்பல் கட்டும் உலோகக் கலவைக்கும் உருக்க வேண்டும். ஆக, ஆய்வகத்துக்குத் தாராளம் காட்டினால் விண்கப்பல்களின் கடற்படை இளைக்கும், கடற்படையைக் கொழுக்க வைத்தால் ஆய்வகம் காயும். சரிசெய்கிறேன் என்று ஒரு கோளின் தொழிற்பேட்டையை மாற்றினால் வேறொரு கோளில் வேலையில்லாதவர்களின் குறி எரியத் தொடங்கும். குடும்ப பட்ஜெட் போடுவதில் ஒரு சுகம் காண்பவர்களுக்கு இது விருந்து. வேறு யாருக்கும் இது வேலைதான்.

போரும் அப்படியே. எதிரியின் விண்மீனைப் பிடித்தால் அது நமதாகிவிடாது. முன்கூட்டியே செல்வாக்குப் புள்ளிகளைச் செலவழித்து உரிமை கோரியிருக்க வேண்டும், இரு தரப்பின் போர்க்களைப்பும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும், களைப்பு உச்சத்தைத் தொட்டால் பிடித்த வரைக்கும் போதும் என்று சமாதானம் நம் மீது திணிக்கப்படலாம். முதல் ஆட்டத்தில் இந்த விதியைப் படிக்காமல் ஒரு பேரரசின் பாதியைப் பிடித்துவிட்டு, உடன்படிக்கையில் எனக்குக் கிடைத்தது இரண்டே விண்மீன்கள் என்று கண்டு வாயடைத்துப்போனேன். குற்றம் என்னுடையது, விதி அங்கேயே, சிறிய எழுத்தில், எழுதியிருந்தது.

வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, ஸ்டெல்லாரிஸ் ஒரே விளையாட்டாக நிலைத்திருப்பதில்லை. வெளியானபோது விண்மீன் விட்டு விண்மீன் போக மூன்று வழிமுறைகள் இருந்தன. 2018 பிப்ரவரியில் அவற்றில் இரண்டைத் தொடக்கத் தெரிவுகளிலிருந்து தூக்கிவிட்டு எல்லோரையும் வழித்தடங்களில் ஓட வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கோள்களின் பொருளாதாரத்தை அடியோடு மாற்றினார்கள். 2025 மே மாதம் வந்த 4.0 பதிப்பு மக்கள்தொகையைக் கணக்கிடும் முறையை மீண்டும் புரட்டிப் போட்டது. ஓராண்டு கழித்துத் திரும்பி வருபவர் தன் வீட்டுச் சமையலறையில் யாரோ டப்பாக்களை இடம் மாற்றி வைத்ததுபோல் உணர்வார். ஸ்டீமில் பழைய பதிப்புக்குத் திரும்பிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள் என்பது பெரிய ஆறுதல்.

டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2, கோட் ஃபோர்ஸ் என்ற சிறு குழு உருவாக்கி, 2022 மார்ச்சில் வெளிவந்தது. ஸ்டெல்லாரிஸில் நாம் கணக்குப்பிள்ளை என்றால் இதில் நாம் ஓர் அமைச்சர். கோப்புகள் நம் மேசைக்கு வரும், கையெழுத்துப் போடலாம், போடாமல் மூலையில் தள்ளலாம். ஆராய்ச்சி, கப்பல் வடிவமைப்பு, குடியேற்றம், வரி, தூதரக உறவு என ஒவ்வொரு துறையையும் நாமே நடத்தலாம், ஆலோசனை மட்டும் சொல்லச் சொல்லலாம், அல்லது முழுக்கக் கணினியிடமே விட்டுவிடலாம். அரசுக்கு வெளியே தனியார் துறை ஒன்று தன் போக்கில் இயங்குவது இதன் தனிச்சிறப்பு. சுரங்க நிலையத்தை எங்கே அமைப்பது என்று அரசு தீர்மானிக்கிறது. தாதுவை ஏற்றி இறக்கும் சரக்குக் கப்பல்கள் தனியாருடையவை, நாம் ஆணையிட முடியாது. வரைபடத்தை உருப்பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான கப்பல்கள் எறும்புச் சாரிபோல் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் உண்மையாகவே ஒரு சரக்கு இருக்கும்.

இந்த நுணுக்கம் எங்கே கடிக்கும் என்பதற்கு ஒரு மாலை நேரத்தைச் சொல்கிறேன். தொடக்க காலத்தில் கொள்ளையர்கள் வந்து மாமூல் கேட்பார்கள். கொடுத்துச் சலித்து, ஏழு கப்பல்களை அவர்கள் தளத்துக்கு அனுப்பினேன். பாதி வழியில் கடற்படை நின்றுவிட்டது. ஒவ்வொரு கப்பலாகச் சொடுக்கிப் பார்த்தால் எரிபொருள் கோடு அடிமட்டத்தில் இருந்தது. அந்தக் கப்பல்கள் எரிக்கும் காஸ்லான் வாயு, நான் எப்போதோ கட்டிய ஒற்றைச் சுரங்க நிலையத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த நிலையத்தைத்தான் கொள்ளையர்கள் முந்தின மாதம் அடித்து நொறுக்கியிருந்தார்கள். தலைநகரின் கிடங்கு வெறுமை, நான் அதைப் பார்த்ததே இல்லை. ஸ்டெல்லாரிஸில் இப்படி ஒரு தோல்வி நேராது, ஏனென்றால் அங்கே பொருள்கள் கிடங்கில் இருப்பதில்லை, மேற்பட்டையில் ஓர் எண்ணாக இருக்கின்றன. அன்றைக்குத் தோற்றாலும், மூன்றில் இதுதான் ஆழமான சிமுலேஷன் என்ற முடிவுக்கு அன்றைக்குத்தான் வந்தேன். ஆனால் அதே ஆழத்தால்தான் பலருக்கு இது கைக்கெட்டாமல் போகிறது. எல்லாவற்றையும் கணினியிடம் விட்டால் நாம் வேடிக்கை பார்ப்பவர். எல்லாவற்றையும் நாமே எடுத்துக்கொண்டால் மூச்சு முட்டும். இரண்டுக்கும் நடுவே நமக்கென ஓர் அளவைக் கண்டுபிடிக்கவே முப்பது மணி நேரம் ஆகும். எழுத்தில் ரசிக்கும்படியான சிறுகதைகளை ஸ்டெல்லாரிஸ் அளவுக்கு இதில் எதிர்பார்க்கக் கூடாது.

பாரிஸைச் சேர்ந்த ஆம்ப்ளிடியூட் குழுவின் எண்ட்லெஸ் ஸ்பேஸ் 2 வெளியானது 2017 மே மாதம். இது சுற்றுமுறை ஆட்டம்: நாம் செய்வதைச் செய்துவிட்டுச் சுற்றை முடிக்கும் வரை உலகம் காத்திருக்கும். இரவு உணவுக்குக் கூப்பிட்டால் எழுந்து போகலாம். இதன் பலம் இனங்களின் வேறுபாடு. ஸ்டெல்லாரிஸில் இரண்டு பேரரசுகள் பெரும்பாலும் ஒரே பலகையில் வேறு காய்களை நகர்த்துகின்றன. இங்கே பலகையே வேறு. லூமெரிஸ் கூட்டம் புதிய குடியிருப்பைக் காசு கொடுத்து வாங்குகிறது. வோத்யானி மக்கள் கோளில் இறங்குவதே இல்லை, பெரும் மரக்கலம் போன்ற கப்பல்களில் வாழ்ந்துகொண்டு அடுத்தவர் மக்களின் உயிர்ச்சத்தை உறிஞ்சுகிறார்கள். கிரேவர்ஸ் பூச்சிகள் கோளை உண்டு தீர்த்துவிட்டு அடுத்ததற்குப் போயாக வேண்டும். ஹொராஷியோ, தன் அழகில் தானே மயங்கித் தன்னையே படியெடுத்து ஒரு நாட்டை நிரப்பிக்கொண்ட பணக்காரன். மக்களின் கட்சிச் சார்பு தேர்தல்தோறும் ஆட்சிமன்றத்தை மாற்றும். போரே நடத்திக்கொண்டிருந்தால் போர்க்கட்சி வளரும் என்ற எளிய தர்க்கம் அழகாக வேலை செய்கிறது.

குறை, விண்வெளிச் சண்டை. உத்திச் சீட்டு ஒன்றைத் தேர்ந்துவிட்டுக் கண்ணுக்கினிய காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நம் பங்கு. பத்தாவது சண்டைக்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை. கணினி எதிரிகளும் இடையாட்டத்துக்கு மேல் ஈடு கொடுப்பதில்லை. இருபதாவது மணி நேரத்தில் இங்கே நாம் இரண்டாவது ஆட்டத்தில், வேறோர் இனத்தோடு இருப்போம்.

ஆராய்ச்சியை ஒவ்வொன்றும் எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தாலே மூன்றின் குணமும் தெரிந்துவிடும். எண்ட்லெஸ் ஸ்பேஸ் 2 எல்லாக் கண்டுபிடிப்புகளையும் நான்கு பகுதிகள் கொண்ட ஒரு வட்டத்தில் விரித்துக் காட்டுகிறது, திட்டமிடலாம். டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2-இல் பக்கம் பக்கமாக நீளும் மரம், திட்டமிட அலுத்தால் கணினியிடம் தள்ளலாம். ஸ்டெல்லாரிஸோ இயற்பியல், சமூகம், பொறியியல் என மூன்று துறைகளிலும் சீட்டுக்கட்டிலிருந்து எடுத்துப் போட்டதுபோல் மூன்று மூன்று தெரிவுகளை நீட்டுகிறது. வருவதை வைத்துச் சமாளிக்க வேண்டும். எனக்கு இந்த மூன்றாவது முறைதான் பிடிக்கும், ஒவ்வோர் ஆட்டமும் வேறாக விரிவதற்கு அதுவே பெரிய காரணம்.

கணினியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்டெல்லாரிஸ் பிற்பகுதியில் திணறுவது கிராஃபிக்ஸ் கார்டால் அல்ல, கணினியின் மையச் செயலியால் (சிபியு). மக்கள்தொகையும் கடற்படைகளும் பெருகப் பெருக ஒவ்வொரு நாளும் நகர நேரமாகும். 1,000 விண்மீன்கள் கொண்ட பெரிய திரளைத் தேர்ந்தெடுத்துவிட்டு லேப்டாப்பைத் திட்டிப் பயனில்லை, 400 போதும். டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2 விண்டோஸில் மட்டும் ஓடும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டையும் கேட்கும். மூன்றுமே ஆங்கில எழுத்து மண்டிய விளையாட்டுகள், தமிழ் எதிலும் இல்லை. 15 அங்குலத் திரையில் எழுத்தின் அளவைக் கூட்டிக்கொண்டு ஆடுவது கண்ணுக்கு நல்லது.

விலையில் ஏமாறும் இடம் ஸ்டெல்லாரிஸின் விரிவாக்கங்கள், அதாவது தனியே விற்கும் கூடுதல் பகுதிகள். அடிப்படை விளையாட்டைத் தள்ளுபடியில் முக்கால் பங்கு குறைத்துக்கூடக் கொடுப்பார்கள். பக்கத்திலேயே விரிவாக்கங்களின் பட்டியல் நீளும், எல்லாவற்றையும் கூட்டினால் அடிப்படை விலையின் பல மடங்கு வரும். மாதச் சந்தா கட்டி எல்லா விரிவாக்கங்களையும் ஆடும் வழியும் உண்டு, விடுமுறை மாதத்தில் அது லாபம். முதல் ஆட்டத்தை அடிப்படை விளையாட்டோடு மட்டும் முடித்துவிட்டு, எது இல்லாமல் குறையாக இருந்தது என்று பார்த்து ஒன்றை வாங்குவதே சரி. எண்ட்லெஸ் ஸ்பேஸ் 2-க்கு விரிவாக்கம் எதுவும் முதலில் தேவையில்லை.

பணமே கொடுக்க மனமில்லாதவர்களுக்கு ஸ்டீவ் வால்ம்ஸ்லி என்ற ஒருவர் பல ஆண்டுகளாகச் செதுக்கி இலவசமாகத் தரும் அரோரா 4 எக்ஸ் இருக்கிறது. 11 வகைத் தாதுக்களின் இருப்பை அட்டவணை அட்டவணையாகப் படிப்பதும், ஏவுகணையின் எரிபொருளைப் பின்னத்தில் கணக்கிடுவதும்தான் ஆட்டம். கண்ணுக்கு விருந்தான காட்சி ஏதும் இல்லை. இலவசம் என்பதற்காக முதல் விளையாட்டாக இதைத் தொட்டவர்கள் இந்த வகையையே வெறுத்துவிடுவார்கள்.

வாரக் கடைசியில் ஐந்தாறு மணி நேரம் கிடைக்கிற, ஓரளவு நல்ல செயலி வைத்திருக்கிற ஒருவர் கேட்டால் ஸ்டெல்லாரிஸ் என்றே சொல்வேன், தள்ளுபடியில், அடிப்படை மட்டும். ஏற்கெனவே அதில் நூறு மணி நேரம் கழித்து, எண்கள் மேற்பட்டையில் மிதப்பது பொய்யாகத் தோன்றத் தொடங்கியவருக்கு டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2. என் அத்தை மகனிடம் இருப்பது 8 ஜிபி நினைவகமுள்ள லேப்டாப். ஆடுவது இரவில் ஒரு மணி நேரம், அதுவும் விடுதியில் விளக்கை அணைக்கும் வரை. அவனுக்கு எண்ட்லெஸ் ஸ்பேஸ் 2 வாங்கச் சொன்னேன், முதல் ஆட்டத்துக்கு லூமெரிஸை எடுத்துக்கொள்ளவும் சொன்னேன். ஸ்டெல்லாரிஸை அவன் விருப்பப் பட்டியலில் போட்டு வைத்திருக்கிறான். செமஸ்டர் தேர்வு முடியும் வரை அது அங்கேயே இருக்கட்டும்.